அருவியும் நமதே, விடுமுறையும் நமதே



"அருவி பார்க்கப் போனா வயிறு நெறையுமா?"

நம் லயங்களில் இந்தக் கேள்வி பல காலமாகக் கேட்கிறது. பிள்ளைகள் பயணம் போகக் கேட்டால் தகப்பன்மார் சொல்லும் பதில் இது. ஒரு நாள் லீவு கேட்டு ஆபிசுக்குப் போனால் அதே பதில் வேறு வார்த்தையில் வரும்: "மலையில கொழுந்து முத்திப்போய் நிக்குது, இப்ப என்ன பயணம்?" சம்பளம், வீடு, காணி என்று எத்தனையோ இருக்க, சங்கப் பத்திரிகையில் நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதுவதா என்று கேட்கும் தோழர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு தொழிலாளி குடும்பம் ஒரு நாள் ஒன்றாக வெளியே போய், ஒரு நீர்வீழ்ச்சியைப் பார்த்து, கட்டிக் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, சந்தோசமாகத் திரும்பி வர முடியுமா? இதைக் கேட்டுப் பாருங்கள். உடனே சம்பளம் குறுக்கே வரும். வேலை நேரம் குறுக்கே வரும். காணி யாருக்குச் சொந்தம், தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்பதும் வரும். ஆகவே இது சங்கத்தின் பிரச்சினைதான்.

படத்தில் இருப்பது யாருடைய உழைப்பு?

அட்டனிலிருந்து நுவரெலியா போகும் ஏ-7 வீதியில் கொட்டகலையைத் தாண்டினால் டெவோன் நீர்வீழ்ச்சி. உயரம் 97 மீற்றர். இன்னும் கொஞ்சத் தூரம் போனால், தலவாக்கலைக்கு ஏறக்குறைய 3 கிலோமீற்றருக்கு முன், கொத்மலை ஓயாவில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி. உயரம் 80 மீற்றர். இலங்கையின் "குட்டி நயாகரா" என்று அதைச் சொல்கிறார்கள். இரண்டையும் வீதியில் நின்றும் பார்க்கலாம், ரயிலில் இருந்தும் பார்க்கலாம்.

இந்த இரண்டு நீர்வீழ்ச்சிகளின் படத்தையும் எங்கே பார்த்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் வெள்ளையாகத் தண்ணீர், சுற்றிலும் சீவிவிட்டது போல் பச்சைத் தேயிலை. தண்ணீரை இயற்கை தந்தது. அந்தப் பச்சையை யார் தந்தது? காட்டை வெட்டி, கான் வெட்டி, கன்று நட்டு, கவ்வாத்து வெட்டி, புல் வெட்டி, மட்டம் பார்த்துக் கொழுந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக அந்த மலையை அப்படி வைத்திருப்பது நமது கை. ஒரு வருடம் நாம் கை வைக்காமல் விட்டால் அந்தப் படம் காடாகிப் போகும்.

அந்த இடத்துக்குப் போகும் வழியும் அப்படித்தான். மலைநாட்டு ரயில் பாதை 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. கொட்டகலைக்கு முன் இருக்கும் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் போகும்போது பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள். அந்தப் பாறையைக் குடைந்தவர்களும், பாதைக்குக் கல்லுடைத்தவர்களும் யாருடைய பாட்டன்மார் என்று நமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் பெயர்களைப் பாருங்கள். டெவோன் என்பது ஓர் ஆங்கிலேயக் கோப்பித் தோட்டக்காரரின் பெயர். சென்கிளேயர், அபர்டீன், டன்சினன் எல்லாம் துரைமாரின் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பெயர்கள். மலையை அமைத்தவர்களின் பெயர் ஒரு சின்ன ஓடைக்குக்கூட வைக்கப்படவில்லை.

ஒரு நாளின் கணக்கு

2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதிலும் நோர்ம் கிலோ வந்தால்தான் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர். புருசனும் மனைவியும் தோட்டத்தில் பேர் போடுகிற ஒரு வீட்டில், வேலை நாளில் ஒரு பயணம் போனால், பஸ்ஸுக்கு ஒரு சதம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சம்பளக் கணக்கில் 2,700 ரூபாய் போய்விடும். பஸ் காசு, பிள்ளைகளுக்கு ஒரு ஐஸ் பழம், ஒரு சோடாப் போத்தல், அவசரத்துக்கு ஒரு ஓட்டோ, இதெல்லாம் அதற்கு மேல். மாசக் கடைசியில் செக்ரோல் வரும்போது அந்த ஒரு நாளும் கண்ணைக் குத்தும்.

"அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்களேன்" என்கிறார்கள். நமது ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். விறகு பொறுக்குவது ஞாயிறு. துணி துவைப்பது ஞாயிறு. டவுனுக்குப் போய் சாமான் வாங்குவது ஞாயிறு. பீலியில் தண்ணீர் குறைந்திருந்தால் வரிசையில் நிற்பது ஞாயிறு. சாவு வீடு, சடங்கு வீடு ஞாயிறு. கொழுந்து கூடினால் கைக்காசுக்குக் கூப்பிடுவதும் ஞாயிறு. போன மாசக் கடன் கழுத்தில் இருக்கும்போது அந்தக் கைக்காசை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்?

அந்த ஞாயிறும் ஆண்களுக்கு ஒரு மாதிரி, பெண்களுக்கு வேறு மாதிரி. ஒரு பயணம் என்றால் பெண்கள்தான் விடிய மூன்று மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறார்கள். எல்லாருக்கும் சோறு கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, திரும்பி வந்த பிறகு சட்டி பானை கழுவி, மறுநாள் பிரட்டுக்கு ஏழு மணிக்கு முன் நிற்பவர்களும் அவர்களே. நமது வீட்டுப் பெண்களுக்கு ஓய்வு தராத பயணத்தை நாம் விடுமுறை என்று சொல்லக் கூடாது. துரையிடம் நீதி கேட்கிற ஆண் தோழர்கள், பயண நாளன்று ரொட்டி சுடுவதிலும் பிள்ளையைத் தூக்குவதிலும் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். இதையும் ஒரு கோரிக்கையாகவே எழுதுகிறோம்.

ஓய்வு யாருக்கு எழுதப்பட்டது?

மே தினத்தன்று நாம் சிவப்புச் சட்டை போட்டு ஊர்வலம் போகிறோம். 1886இல் சிக்காகோவில் தொழிலாளர்கள் எதற்காக அடிபட்டார்கள்? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் நமக்கு. இந்த மூன்றாவது எட்டை நாம் மறந்துவிட்டோம். கூலியைக் கூட்டச் சொல்லிக் கேட்கப் பழகிய அளவுக்கு, நமது நேரத்தைக் கேட்கப் பழகவில்லை.

1948ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் நவம்பர் 15ஆம் திகதி 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நமது மக்களில் மிகப் பெரும்பாலானோரை அது நாடற்றவர்கள் ஆக்கியது. ஒரு மாசம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 24ஆம் உறுப்புரை சொல்வது என்ன? எல்லாருக்கும் இளைப்பாறவும் ஓய்வு நேரத்துக்கும் உரிமை உண்டு, வேலை நேரத்துக்கு நியாயமான எல்லை இருக்க வேண்டும், அவ்வப்போது சம்பளத்தோடு விடுமுறை இருக்க வேண்டும். உலகம் ஓய்வை மனித உரிமை என்று எழுதிய அதே மாதங்களில், நாம் இந்த நாட்டு மனிதர்களே இல்லை என்று இங்கே எழுதினார்கள். பிரசாவுரிமையைப் போராடிப் பெற்றோம். 2003ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு ஒரு முடிவு கட்டியது. 24ஆம் உறுப்புரை இன்னும் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. நாங்கள் வகுப்பறையில் காண்பது வேறு. சுற்றாடல் பாடத்தில் நீர்வீழ்ச்சிப் படத்தைக் காட்டி, "இதை யார் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் கை தூக்குவதில்லை. கொழும்புப் பிள்ளை பார்த்துவிட்டுப் போன அருவியை, அருவியின் மேல் கரையில் பிறந்த பிள்ளை புத்தகத்தில் பார்க்கிறது.

"இன்னைக்கு லீவு"

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கிளையிலிருந்து ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துத் தலவாக்கலைப் பக்கம் போனோம். மூன்று மாசமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுப் போலக் காசு சேர்த்தோம். புளிச்சோறு, அவித்த முட்டை, ரொட்டி, கட்டச் சம்பல். பிள்ளைகள் விடிய நாலு மணிக்கே சட்டை போட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

அருவியைப் பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் ஒருத்தி, நான்காம் தரத்தில் படிப்பவள், கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு எங்களிடம் வந்தாள். "டீச்சர், இவ்வளவு தண்ணி இங்க சும்மா விழுது. எங்க பீலிக்கு ஏன் வர மாட்டேங்குது?" என்று கேட்டாள். பூமிசாத்திரம் படிப்பித்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதற்குக் கீழே வருகிறோம்.

பெண்களுக்கு மலசலகூடம் தேவைப்பட்டது. பக்கத்தில் ஒரு கடையில் கேட்டால், சாப்பாடு வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். சோறு கட்டிக்கொண்டு வந்தவர்கள் என்ன வாங்குவது? கடைசியில் தேயிலைக்குள்தான் போனார்கள். நாள் முழுக்க மலையில் நிற்கும்போது மலசலகூடம் இல்லாத அதே நிலைமை, பொழுதுபோக்கப் போன இடத்திலும்.

அங்கே கமராவோடு வந்திருந்த சில பேர் எங்களோடு வந்த ஓர் அம்மாயியிடம் வந்தார்கள். அவர் நாற்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு நல்ல பட்டுச் சேலை கட்டி, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுக்கலாமா என்று அவர்கள் சைகையில் கேட்டார்கள், கூட வந்த ஆள் தமிழில் சொன்னார்: "கூடை இல்லையா? கூடையோட நின்னா நல்லா இருக்கும்." அம்மாயி சொன்னார்: "இன்னைக்கு லீவு."

அந்த ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், நாம் கூடையோடு மட்டும்தான் அழகு என்று? அருவியைப் பார்க்க வந்த இன்னொரு குடும்பமாக நம்மைப் பார்க்க அவர்களுக்குப் பழக்கமில்லை. பழகட்டும். அதற்கு நாம் போக வேண்டும், அடிக்கடி போக வேண்டும்.

அருவிக்கு வேலை நேரம் வைத்தவர்கள்

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. சென்கிளேயரில் இன்று விழுவது கொத்மலை ஓயாவின் முழுத் தண்ணீர் இல்லை. தலவாக்கலையில் அணை கட்டி, ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் தண்ணீரைக் கொண்டுபோய், 150 மெகாவோற் மின்சாரம் எடுக்கிறார்கள். அதுதான் மேல் கொத்மலைத் திட்டம். 2012இல் இயங்கத் தொடங்கியது. முதலில் போட்ட திட்டத்தில் இன்னும் பல நீர்வீழ்ச்சிகளின் தண்ணீரைத் திருப்ப இருந்தார்கள். மலையக மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்த பிறகு திட்டம் சுருங்கியது. சென்கிளேயருக்கும் ஒரு ஏற்பாடு வந்தது: பகலில் ஏறக்குறைய பத்து மணி நேரம், பார்க்க வருகிறவர்களுக்காகத் தண்ணீர் விட வேண்டும்.

நன்றாகக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு தண்ணீர் அருவியில் விழ வேண்டும் என்று இந்த நாட்டு அதிகாரிகளால் அளந்து எழுத முடிந்திருக்கிறது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதை நாம் எதிர்க்கவில்லை. பார்வைக்கு அழகு வேண்டும், அதையும் எதிர்க்கவில்லை. நமது கேள்வி ஒன்றுதான். கண்ணுக்காக விழும் தண்ணீரை மணிக்கணக்கில் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, வாய்க்குக் குடிக்கும் தண்ணீரை ஒரு லயத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒதுக்க ஏன் தெரியவில்லை? மேலே ஊற்று இருக்கிறது. குழாயும் தாங்கியும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் அந்தக் குழாய் வருகிறது. லயத்துக்கு மட்டும் வெயில் காலத்தில் காற்று வருகிறது, மழைக் காலத்தில் சேறு வருகிறது.

போராடியதால்தான் திட்டம் சுருங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. தண்ணீரைப் பற்றிப் பேசிய மக்களுக்குச் செவி சாய்த்த வரலாறு நமது பக்கத்திலேயே இருக்கிறது.

"தனியார் காணி, உள்ளே வரத் தடை"

பெரிய நீர்வீழ்ச்சிகளாவது வீதியோரம் இருக்கின்றன. தோட்டங்களுக்கு உள்ளே இருக்கும் சின்ன அருவிகளின் கதை வேறு. எமது பகுதியில் ஒரு தோட்டம் இருக்கிறது. பேச்சுவார்த்தை நடப்பதால் பெயரை எழுதவில்லை. அங்கே மேல் கணக்கில் ஒரு சின்ன அருவி. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது அந்த அருவிக் கரையில். சாவு வீட்டுக்குப் பிறகு தலை முழுகுவது அங்கே. பிள்ளைகள் நீந்தப் பழகியது அங்கே. இரண்டு வருடங்களுக்கு முன் அருவிக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரர் தங்குவதற்குக் கபானாக்கள் வந்தன. பிறகு பாதையில் ஒரு கேட் வந்தது. பிறகு ஒரு போர்ட், ஒரு வாட்ச்சர். போன திருவிழாவுக்குக் கரகக்காரர்கள் கேட்டில் நின்று அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. வாட்ச்சரும் நமது லயத்துப் பையன்தான். அவனைத் திட்டிப் பயனில்லை. அவனுக்குக் கொடுத்த வேலை, சொந்தப் பெரியம்மாவை மறிப்பது.

இந்தப் போர்டுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஒரு காலத்தில் கடனில்லை என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் நமது பாட்டன்மார் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. வெளியாள் தோட்டத்துக்குள் வந்தால் அத்துமீறல் வழக்கு. அதனால்தான் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். அப்படி உள்ளே வந்தவர்தான் 1931இல் அட்டனில் நமது மக்களுக்குத் தொழிற்சங்கம் கட்டினார். அன்றைக்கு வெளியாள் உள்ளே வரத் தடை. இன்றைக்கு வெளியாளுக்கு வரவேற்பு, உள்ளே இருப்பவனுக்குத் தடை. போர்ட் அதேதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது நிர்வாகம். பிறகு நீண்டகாலக் குத்தகை. அந்தக் காணிக்குச் சொந்தக்காரர் அரசு, அதாவது பொதுமக்கள், அதாவது நாமும். பொது நீரோடைகளின் தண்ணீரை ஆளும் உரிமையை 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் அரசிடமே வைத்திருக்கிறது. தேயிலை வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தவருக்கு, ஓடுகிற தண்ணீரையும் அதற்குப் போகிற நடைபாதையையும் கேட் போட்டு மூட யார் அதிகாரம் கொடுத்தார்கள்? கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டட்டும்.

காட்டச் சொல்ல வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்திலும் சம்பந்தப்பட்ட அமைச்சிலும் உள்ள தகவல் அலுவலரிடம் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். எழுதித் தரத் தோட்டப் பாடசாலைகளில் நாங்கள் இருக்கிறோம்.

சுற்றுலா வந்தால் வேலை வரும் என்கிறார்கள்

வரட்டும். நாம் சுற்றுலாவுக்கு எதிரிகள் இல்லை. ஆனால் என்ன வேலை? இதுவரை நாம் கண்டது அறை துடைக்கும் வேலை, கேட்டில் நிற்கும் வேலை, கூடையைத் தூக்கிப் படத்துக்கு நிற்கும் வேலை. ஓ.எல்., ஏ.எல். பாஸ் பண்ணிய பிள்ளைகள், மூன்று மொழி பேசும் பிள்ளைகள் நமது லயங்களில் இருக்கிறார்கள். வழிகாட்டி வேலை அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? வீதியோரம் ஒரு தேத்தண்ணிக் கடை போட நமது பெண்களுக்கு ஏன் ஆறடி இடம் கிடைக்கவில்லை? அவர்கள் பறித்த தேயிலையை அவர்களே ஊற்றிக் கொடுத்தால் குடிக்கிறவருக்குக் கசக்குமா?

சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில், "தேயிலையில் நட்டம், கொடுக்கக் காசில்லை" என்கிறார்கள். அதே மலையின் காட்சியை வைத்து அறை வாடகை எடுக்கும்போது, அந்த வருமானம் நமது கணக்கில் வருவதில்லை. காட்சி எங்கள் கையால் வந்தது. ஆகவே மலையில் வரும் எல்லா வருமானமும் மேசைக்கு வர வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது

உரிமையைப் பேசும்போது உயிரையும் பேச வேண்டும். நீர்வீழ்ச்சிகளில் ஒவ்வொரு வருடமும் இளம் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். இதை ஒவ்வொரு வீட்டிலும் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலையில் மழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வரும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், ஒரு நிமிடமும் யோசிக்காமல் கரையேறுங்கள். கன மழைக் காலத்தில் மேல் கொத்மலையின் வான்கதவுகளைத் திறக்கும்போது சென்கிளேயரில் தண்ணீர் திடீரெனப் பெருகும். பாசி பிடித்த பாறையில் படம் எடுக்க ஏற வேண்டாம். அருவி விழும் குழிக்குள் பாயவே வேண்டாம், அதன் ஆழமும் சுழியும் மேலே தெரியாது. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவரைப் பயணத்துக்குச் சேர்க்க வேண்டாம். கொண்டுபோன லன்ச் சீற்றையும் போத்தலையும் திருப்பிக் கொண்டு வாருங்கள். அந்தத் தண்ணீர் கீழே இன்னொரு லயத்தின் பீலி.

எச்சரிக்கைப் பலகைகள் எங்கும் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. நமக்குப் புரியாத மொழியில் மட்டும் எழுதிய பலகை நம்மைக் காப்பாற்றாது.

நமது கோரிக்கைகள்

1. பாடசாலை விடுமுறைக் காலத்தில், குடும்பத்தோடு செலவிட, வருடத்துக்கு ஒரு நாளாவது முழுச் சம்பளத்தோடு விடுமுறை. இது இப்போது உள்ள விடுமுறைகளுக்கு மேலதிகமாக, அடுத்த பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டும்.

2. தோட்டங்களுக்குள் உள்ள அருவிகளுக்கும் ஓடைகளுக்கும் மக்கள் காலகாலமாகப் போன நடைபாதைகள் திறந்திருக்க வேண்டும். வரும் திருவிழாவுக்கு முன் மேலே சொன்ன தோட்டத்தின் கேட் அகல வேண்டும்.

3. அருவிக்கு மேல் வாழும் ஒவ்வொரு லயத்துக்கும் குழாய்த் தண்ணீர்.

4. நீர்வீழ்ச்சிப் பார்வை இடங்களில் எல்லாருக்கும் பொது மலசலகூடம், பாதுகாப்பு வேலி, மூன்று மொழிகளிலும் எச்சரிக்கைப் பலகை. இது பிரதேச சபைகளின் பொறுப்பு.

5. பார்வை இடங்களில் கடை போடவும் வழிகாட்டி வேலைக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் முதலிடம்.

6. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் வேலைத்தலத்தில் படம் எடுக்க அனுமதிக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் வாசித்து, தலைவர் தலைவிமார் கையெழுத்துச் சேர்க்க வேண்டும். மூடப்பட்ட பாதை உங்கள் தோட்டத்திலும் இருந்தால், எந்த வருடம் மூடினார்கள், முன்பு யார் யார் எதற்காக அதைப் பாவித்தார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. தகவல் கோரும் விண்ணப்பங்களைப் பாடசாலை முடிந்த பிறகு நாங்கள் எழுதித் தருகிறோம்.

கூடவே ஒவ்வொரு கிளையும் ஒரு பயணச் சீட்டுத் தொடங்கட்டும். வாரம் வீட்டுக்கு நூறு ரூபாய் போதும், டிசம்பர் விடுமுறைக்கு ஒரு பஸ் பிடிக்கலாம். வயதானவர்களை முன் சீட்டில் ஏற்றுங்கள். சோறு கட்டும் வேலையை ஆண்களும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கூடைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.